பகலாணி வந்தாச்சா?

பங்குனி 2, செவ்வாய்

இருபத்தேழு வருஷம் அங்கன்வாடியில் பதிவேடு எழுதிய கை இது. முழங்கால் வலியால் வேலையை விட்டு இரண்டு வருஷம் ஆகியும், சாயங்காலமானால் எதையாவது எழுதச் சொல்லி அரிக்கிறது. முட்டைக் கணக்கு எழுத இப்போது வழியில்லை. அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

காலையில் கொம்பையா மாமா வந்தார். என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா முறை. எங்கள் சாஸ்தா கோயில் காரியம் முழுக்க அவர் கையில். பத்தொன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை உத்திரம், காலை ஆறு மணிக்கு வண்டி கிளம்ப வேண்டும் என்றார். பரணிலிருந்து நுகத்தடியை இறக்கச் சொல்லி ஒரு முறை தட்டிப் பார்த்தார். ஒரு பூச்சி அரிப்பு இல்லை. என் பராமரிப்பு அப்படி. வேப்பெண்ணெய் தடவி வெயிலில் வைத்தேன்.

எங்கள் வழக்கத்தை என் மகன் மறந்திருப்பான், ஓசூருக்குப் போய்ப் பத்து வருஷமாயிற்று. அவனுக்காக எழுதி வைக்கிறேன். வண்டியின் நுகத்தடி மூத்த வீட்டில் இருக்கும். அந்த நுகத்தடியை ஏர்க்காலோடு சேர்த்து நடுவில் இறக்குகிற மர ஆணி இளைய வீட்டில் இருக்கும். ஒன்றில்லாமல் மற்றது வெறும் விறகு. அண்ணன் தம்பி வருஷம் பூராவும் முறைத்துக்கொண்டாலும் உத்திரத்தன்று ஒரே வண்டி முன்னால் வந்து நின்றே ஆகவேண்டும் என்று எந்தக் காலத்திலோ யாரோ செய்து வைத்த ஏற்பாடு. ஊரில் மற்றவர்கள் அதை நுகத்தாணி என்பார்கள். நாங்கள் மட்டும் பகலாணி என்போம், அதுவும் அந்த ஒரு நாள் மட்டும். பகல் என்றால் நடு, நடுவில் நிற்பதால் அந்தப் பெயர் என்று மாமனார் சொல்வார். காளைகளைப் பூட்டக் கொண்டுவந்து நிறுத்தியதும் கொம்பையா மாமா "பகலாணி வந்தாச்சா?" என்று குரல் கொடுப்பார். இளைய வீட்டுப் பெண் அதை மஞ்சள் துணியில் ஏந்தி வந்து "வந்தாச்சு" என்பாள். பிறகுதான் வண்டி நகரும். வண்டி நகர்ந்த பிறகுதான் பின்னால் நிற்கிற வேன்கள் நகரும்.

மாமா அடுத்த வீட்டுக்குப் போனார். அது என் கொழுந்தன் கோமதிநாயகத்தின் வீடு. ஒரே முற்றத்தை நெஞ்சுயரச் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டோம். ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்தார்.

"உலகு, அங்க ஆணியக் காணலங்காவ."

காணவில்லையாமே. கால் முளைத்து நடந்து போய்விட்டதா?

சாயங்காலம் எங்கள் பசு செவலையைச் சுவரோரம் மாற்றிக் கட்டினேன். தரை இறுகிக் கிடக்கிறது. கல்லால் நாலு போடு போட்டதும் முளை இறங்கி அசையாமல் நின்றது. மாடு கட்ட இவ்வளவு வாகான முளை எங்கள் வீட்டில் இருந்ததே இல்லை.

பங்குனி 3, புதன்

யோசித்துப் பார்த்தால் எல்லாம் பொருந்தி வருகிறது. ஆணி இல்லையென்றால் வண்டி கிளம்பாது. வண்டி கிளம்பாவிட்டால் கெட்ட பெயர் யாருக்கு? முன்னால் நிற்கிற மூத்த வீட்டுக்கு. கோமதிநாயகத்துக்கு இந்த அளவு மூளை கிடையாது. அவன் பெண்டாட்டி செல்லக்கனிக்கு உண்டு. இன்று சுவருக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டபடி சிரித்துக்கொண்டிருந்தாள். ஆணியைத் தொலைத்தவள் சிரிப்பாளா?

பங்குனி 5, வெள்ளி

பால் ஊற்றப் போன இடத்தில் விஷயம் தெரிந்தது. ஆணியைச் செல்லக்கனி மாட்டுத்தொழுவத்துக் கூரை இறவாணத்தில், ஓலைக்கும் கம்புக்கும் நடுவில், துணி சுற்றிச் செருகி வைத்திருந்தாளாம். சாமி சாமானைத் தொழுவத்தில் வைப்பதா என்று கேட்டேன். "ஒங்க மாமியாரும் அங்கனதான வச்சிருந்தாவ" என்றாள் பால்காரி. இவள் யார் பக்கம் என்று தெரியவில்லை. நாளை முதல் இவளிடம் வாயைக் கொடுக்கக் கூடாது.

தொழுவம் என்றதும் செவலை ஞாபகம். அதையும் எழுதி வைப்பது நல்லது, பிற்பாடு எவரும் மாற்றிச் சொல்லக் கூடாது. செவலை கன்றாக இருந்தபோது புட்டியில் பால் கொடுத்து வளர்த்தது நான். பாகம் பிரித்தபோது கைக்குழந்தை இருக்கிற வீடு என்று அவர்களுக்குப் போயிற்று. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. போன ஐப்பசியில் அதை ஒரு வியாபாரிக்குக் கொடுக்கப் பேசி முடித்துவிட்டார்கள். எனக்கு ஒரு சொல் இல்லை. நேராகப் போனேன். வியாபாரி சொன்ன விலையை அரிசிப்பானை மூடிமேல் வைத்தேன். செவலையைக் கயிற்றோடு ஓட்டிவந்தேன். நடந்தது அவ்வளவுதான்.

மாட்டை விற்றால் கழுத்துக்கயிறு விற்றவர் வீட்டில்தான் இருக்க வேண்டும், கயிறு போனால் வீட்டு மாட்டு ராசியும் கூடவே போய்விடும் என்பார்கள். தெரியும். செல்லக்கனி வாசல்வரை ஓடி வந்து, "அக்கா, கயித்த மட்டும் அவுத்துக் குடுத்துட்டுப் போங்க" என்றாள். காது கேட்காத மாதிரி வந்துவிட்டேன். என் பிள்ளையை நான் அழைத்து வருகிறேன், இதில் விற்பது எங்கே வந்தது? அன்றிலிருந்து ஐந்து மாதமாகப் பேச்சில்லை. அதற்கப்புறம் அவர்கள் வீட்டு மயிலைப்பசு போட்ட கன்று செத்ததற்கு நானா பொறுப்பு?

பங்குனி 8, திங்கள்

என் வீட்டுக்காரர் பேரில் எனக்குச் சந்தேகம் வந்திருக்கிறது.

ஆவுடையப்பன் என்று பெயர். முப்பது வருஷத்தில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கட்டிலைத் தவிர வேறெங்கும் போகாத மனிதர். நான்கு நாளாகச் சாப்பிட்டுக் கைகழுவியதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். எங்கே என்றால் "சும்மா" என்கிறார். இந்த வெயிலில் யார் சும்மா போவார்? இன்று சட்டையைத் துவைக்கப் போட்டபோது மடிப்பில் மரத்தூள்.

அண்ணனும் தம்பியும் சேர்ந்து எனக்குத் தெரியாமல் ஏதோ செய்கிறார்கள். கேட்டால் வாயில் கொழுக்கட்டை. கேட்கப்போவதில்லை. நானே கண்டுபிடிப்பேன்.

பங்குனி 9, செவ்வாய்

செவலை கால் லிட்டர் குறைத்துக் கறந்தது. கண்பட்டிருக்கும். யார் கண் என்று எழுத வேண்டியதில்லை.

பங்குனி 11, வியாழன்

சமுதாயக்கூடத்தில் பங்காளிகள் கூட்டம். முப்பது பேருக்கு மேல். கோமதிநாயகம் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். செல்லக்கனி மகளை மடியில் வைத்துக்கொண்டு கடைசியில் இருந்தாள். பிள்ளைக்கு மூன்று வயது. கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து, சாஸ்தாவிடம் நேர்ந்து பிறந்தது. இந்த உத்திரத்துக்குக் கோயிலில் காது குத்துவதாக வேண்டுதல்.

கொம்பையா மாமா சுற்றி வளைக்கவில்லை. "உத்திரத்தன்னைக்குக் காலம்பற ஆணி வரணும். வரலன்னா அந்த உரிமை வேற வீட்டுக்குப் போயிரும். ஆணியத் தொலச்ச வீட்டுப் பிள்ளைக்குச் சாமி முன்னால காது குத்தவும் முடியாது. எங்கனயாவது நகைக்கடையில குத்திக்கிடுங்க."

கூட்டத்தில் ஒரு சத்தமில்லை. சத்தம் போட்டது நான்தான். மறைக்க வேண்டியதில்லை. எழுந்து நின்று சொன்னேன்: "தொலச்சுட்டோம்னு சொல்லுறதெல்லாம் நடிப்பு மாமா. வண்டி கெளம்பக் கூடாதுன்னு எவளுக்கு எண்ணமோ, அவ அதை அடுப்புல வச்சு எரிச்சிருப்பா."

நாலு பெண்கள் "ஆமா"வென்றார்கள். செல்லக்கனி அழுவாள் அல்லது சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"செவல நல்லா இருக்காக்கா? எங்கன கட்டியிருக்கியளோ அங்கனயே நிக்காளா?"

எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்கள். ஆணியைப் பற்றிப் பேச்சு வந்தால் மாட்டைப் பற்றிக் கேட்கிறாள். கூட்டத்தின் முன்னால் கயிற்றை ஞாபகப்படுத்துகிறாளாம்.

வெளியே வரும்போது அந்தப் பிள்ளை என் சேலை முந்தானையைப் பிடித்து இழுத்து "பெரியம்மா" என்றது. ஐந்து மாதத்தில் பேச்சு நன்றாகத் திருந்திவிட்டது. முந்தானையை விடுவித்துக்கொண்டு வந்தேன். அது மட்டும் எனக்கு மனதுக்குச் சரியாக இல்லை.

பங்குனி 12, வெள்ளி

முன்னால் எழுதியதில் ஒரு சிறு விஷயம் விட்டுப்போனது. செவலையைக் கயிற்றோடு ஓட்டிவந்தேன் என்று எழுதியிருந்தேன். கயிறும் முளையும் என்று இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அப்போது மாடே கிடையாது, முளை எங்கிருந்து வரும்? ஒரு முளைக்கட்டைக்கு என்ன வந்தது. விறகுக் குவியலில் கிடப்பது. இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், பதிவேடு என்றால் விடுபடாமல் இருக்க வேண்டும்.

பங்குனி 13, சனி

கண்டுபிடித்தேன்.

வீட்டுக்காரர் சைக்கிளில் கிளம்பியதும் கால் மணி நேரம் விட்டு ஷேர் ஆட்டோ பிடித்தேன். அடுத்த ஊர் முக்கில் தங்கையா ஆசாரி பட்டறை. சைக்கிள் வெளியே நின்றது. உள்ளே இவர் தரையில் உட்கார்ந்து, காலிடுக்கில் ஒரு கட்டையை வைத்து உளியால் செதுக்கிக்கொண்டிருந்தார். இவர் கையில் உளியை நான் பார்த்ததே இல்லை.

"என்ன இது?" என்றேன்.

திடுக்கிட்டாலும் மறைக்கவில்லை. "ஆணி."

"யாருக்கு?"

"தம்பி வீட்டுக்கு. மாமா கண்ணுல அசல் மாதிரித் தெரிஞ்சா போதும். பிள்ளைக்குக் காது குத்தணும்லா."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஊரே அவர்களைக் குற்றம் சொல்லும்போது, அதைச் சொன்னவளின் புருஷனே கள்ள ஆணி செய்து கொடுக்கிறார். கேட்டேன், கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன். ஆசாரி பீடியை அணைத்துவிட்டு வெளியே போனார்.

இவர் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, "வாகா வர மாட்டேங்கு. அசலு நாலு பட்டை. கழுத்துல கயிறு உக்கார மாதிரி ஒரு பள்ளம். தலையில மூணு வரி வெட்டியிருக்கும், எங்க தாத்தா மூணு பேருக்கும் ஆளுக்கு ஒண்ணு. சின்னப் பிள்ளையில அந்த வரியில வெரலு வச்சு வெளையாடியிருக்கேன். நீ பாத்திருக்க மாட்ட. ஒங்க கண்ணுல படும்போது மஞ்சளும் சந்தனமும் அப்பிக் கெடக்கும்" என்றார்.

வெயில் அதிகம். வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பங்குனி 14, ஞாயிறு

செவலையை இன்று முருங்கைமரத்தில் கட்டினேன். முளை ஆட ஆரம்பித்திருந்தது. பிடுங்கிக் கழுவி உள்ளே வைத்திருக்கிறேன்.

பங்குனி 15, திங்கள்

இது ஒரு சூழ்ச்சி. வேறெப்படி இருக்க முடியும்? நான் கோபத்தில் வருவேன் என்று அவளுக்குத் தெரியும். நான் கையை நீட்டுகிற இடத்தில், கைக்கு எட்டுகிற மாதிரி அதை வைத்திருக்கிறாள். ஐந்து மாதம் வாயைத் திறக்காமல் இருந்து, உத்திரம் வருகிற நேரத்தில் காணோம் என்கிறாள்.

இப்படி எழுதிவிட்டு இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். மழைநாளில் நான் கோபமாக வந்து, மாட்டை அவிழ்த்து, முளையில்லை என்று பார்த்து, இறவாணத்தில் கையை விடுவேன் என்று அவளுக்கு யார் ஜோசியம் சொல்லியிருப்பார்கள்?

ஆமாம், இறவாணத்தில்தான். செவலை அன்று முளையில் இல்லை. மழை என்று உள்ளே தூணில் கட்டியிருந்தார்கள். அவிழ்த்துப் பிடித்தபின்தான் என் வீட்டில் கட்ட ஒன்றுமில்லை என்று உறைத்தது. கையை மேலே விட்டேன். ஒரு கட்டை கிடைத்தது. துணி சுற்றியிருந்தது, உதறிக் கீழே போட்டேன். துணி என்ன நிறம் என்று கேட்டால் எனக்கு நினைவில்லை.

நினைவில்லை என்றுதான் எழுதுகிறேன்.

பங்குனி 16, செவ்வாய்

பதினோரு மணிக்கு அந்த வீட்டில் ஆள் இருக்காது. கோமதிநாயகம் மினி லாரியோடு போய்விடுவான், அவள் நூறுநாள் வேலைக்குப் போவாள், பிள்ளை அங்கன்வாடியில் இருக்கும். சேலைக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு பின்பக்கப் படல் வழியாகப் போனேன். எடுத்த இடத்தில் செருகிவிட்டு வந்துவிட்டால் தேடும்போது கிடைத்துவிடும். கிடைத்தால் பிள்ளைக்குக் காது குத்து நடக்கும். யாருக்கும் நஷ்டமில்லை. நேற்று முழுவதும் யோசித்துச் சரியென்று பட்ட வழி.

கையை மேலே விட்டேன். அங்கே துணி இருந்தது. நான் உதறிப் போட்ட அதே துணி. துவைத்து, மடித்து, கம்பில் போட்டிருந்தது. அதன்மேல் ஒரு புகைக்கரி இல்லை, ஒட்டடை இல்லை. அடிக்கடி எடுத்துத் துவைத்து வைக்கிற துணி.

முதலில் பயம் வந்தது. பொறி வைத்திருக்கிறாள், எங்கேயோ நின்று பார்க்கிறாள் என்று தோன்றித் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். மயிலை மட்டும் நின்று அசை போட்டது. பக்கத்தில் கன்று இல்லை.

செருகியிருக்கலாம். ஒரு நொடி வேலை. ஆனால் நாளைக்கு அது இங்கே கிடைத்தால் ஊர் என்ன சொல்லும்? பார்த்தியா, ஒளித்து வைத்திருந்தவள் பயந்து எடுத்துக் கொடுத்துவிட்டாள் என்று சொல்லும். முதலில் சொல்லப்போகிறவள் யாரென்று எனக்குத் தெரியும். அந்தக் குரல் எனக்குள்ளேயே தயாராகக் கேட்டது.

திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். படல் முள் கையைக் கிழித்துவிட்டது. சாப்பிடப் பிடிக்கவில்லை.

பங்குனி 17, புதன்

அரிசிப் புட்டுக்கு மாவு இடித்தேன். கோயிலுக்கு இரண்டு படி. பித்தளைக் குடம் தேய்த்தேன்.

பங்குனி 18, வியாழன்

வீட்டுக்காரர் ஆணியை முடித்துவிட்டார். மஞ்சள் பூசிச் சுவருக்கு மேலாகத் தம்பியிடம் கொடுத்தார். கோமதிநாயகம் அண்ணன் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

திரும்பி வந்தவர் முற்றத்தில் நின்று, "செவலய ஏன் மரத்துல கட்டிருக்க?" என்றார்.

"முளை ஆடுது."

"ஓ" என்றார். குழியைப் பார்த்தார். நான்கு பட்டைக் குழி. அப்புறம் என்னைப் பார்த்தார். அப்புறம் கால் கழுவப் போனார்.

இவருக்குத் தெரியும். எப்போதிலிருந்து? தெரிந்துகொண்டே உளியைப் பிடித்தாரா? என்னைக் காட்டிக்கொடுக்காமல் பிள்ளைக்குக் காது குத்த வழி தேடியிருக்கிறார். அதை நினைக்கும்போது கோபம்தான் வருகிறது. கோபம் இல்லை, அழுகை. எழுதுவதென்றால் சரியாக எழுத வேண்டும்.

நாளைக்கு ஒன்று செய்யலாம், ஒன்றும் செய்யாமலும் இருக்கலாம். கள்ள ஆணியை மாமா கவனிக்காவிட்டால் எல்லாம் முடிந்தது. அசலை அடுப்பில் வைத்துவிட்டால் எவருக்கும் தெரியப்போவதில்லை. கூட்டத்தில் நான் சொன்னதை நானே செய்தவளாகிவிடுவேன்.

துணி மஞ்சள்தான். அன்றைக்கே தெரியும். கையில் எடுத்தபோதே தெரியும். என்னை ஒரு பொருட்டாக நினைக்காமல் மாட்டை விற்றவர்களுக்கு இது இல்லாமல் போகட்டும் என்று ஒரு கணம், ஒரே ஒரு கணம், நினைத்தேன். அப்புறம் அது வெறும் முளை என்று எனக்கு நானே சொல்லிச் சொல்லி ஐந்து மாதத்தில் முளையாகவே ஆகிவிட்டது.

பங்குனி 19, வெள்ளி, உத்திரம்

கோயிலிலிருந்து வந்து குளித்துவிட்டு எழுதுகிறேன்.

ஐந்தரைக்கே வண்டி வந்துவிட்டது. பக்கத்து ஊர்க் காளைகள், கொம்பில் வேப்பிலையும் மணியும். நுகத்தடியை என் வீட்டுக்காரர் தோளில் தூக்கி வந்து ஏர்க்காலில் வைத்தார். வேன்கள் மூன்று பின்னால் உறுமிக்கொண்டு நின்றன. செல்லக்கனி பிள்ளைக்குப் பட்டுப்பாவாடை கட்டி இடுப்பில் வைத்திருந்தாள். பிள்ளையின் தாய்மாமன் காது குத்தும் கம்மலைச் சட்டைப்பையில் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கொம்பையா மாமா குரல் கொடுத்தார். "பகலாணி வந்தாச்சா?"

செல்லக்கனி அசையவில்லை. கோமதிநாயகம்தான் துணியோடு முன்னால் வந்தான். மாமா வாங்கினார். மஞ்சளைக் கட்டைவிரலால் தேய்த்தார். மூக்கருகே கொண்டுபோனார்.

"மரத்துல பால் வாசன போகலயே தம்பி. யாரு செஞ்சது?"

கோமதிநாயகம் அண்ணனைத் திரும்பிப் பார்த்தான். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். கூட்டத்தில் முணுமுணுப்பு ஆரம்பித்தது. அப்போது செல்லக்கனி மாமாவையும் பார்க்கவில்லை, புருஷனையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். கூட்டத்தில் பார்த்த அதே பார்வை.

புட்டுப் பாத்திரம் வைத்திருந்த கூடைக்குள் கையை விட்டேன். நேற்றே எண்ணெய் தடவி வைத்திருந்தேன். எடுத்துக்கொண்டு நடந்தேன். பத்தடிதான் இருக்கும். முழங்கால் வலியே தெரியவில்லை.

"எங்கிட்ட இருக்கு மாமா."

"ஒங்கிட்ட எப்பிடி வந்துச்சு?"

"அவ வீட்டு எறவாணத்துல இருந்து நான் எடுத்தேன். கேக்கல. செவலய ஓட்டிட்டு வந்த அன்னைக்கு. அஞ்சு மாசமா எங்க முத்தத்துல மாட்டு முளையா அடிச்சு வச்சிருந்தேன். கூட்டத்துல அவ எரிச்சிருப்பான்னு சொன்னதும் நான்தான். அவ தொலைக்கல. நான் எடுத்தது, தெரிஞ்சுதான் எடுத்தேன்."

கடைசி வார்த்தையை நான் சொல்லத் திட்டமிடவில்லை. வந்துவிட்டது. வேன்காரர்கள்கூட இன்ஜினை அணைத்துவிட்டார்கள். முப்பது வருஷமாக என்னைப் பார்த்து மரியாதையாக விலகி நிற்கிற பெண்கள் வாயில் கைவைத்து நின்றார்கள். அங்கேயே பூமி பிளந்தால் நன்றாக இருக்கும் என்றிருந்தது.

கூடையில் செவலையின் கழுத்துக்கயிறும் இருந்தது. காலையில் அவிழ்த்துக்கொண்டு வந்திருந்தேன். ஆணியையும் கயிற்றையும் சேர்த்து செல்லக்கனியிடம் நீட்டினேன். "கயிறும் ஒங்க வீட்டுது. அன்னைக்கே தந்திருக்கணும்."

பிள்ளையைப் புருஷனிடம் கொடுத்துவிட்டு இரண்டையும் வாங்கினாள். கயிற்றை இடுப்பில் செருகினாள். மடியிலிருந்து அந்தத் துணியை எடுத்தாள். துவைத்து மடித்த மஞ்சள் துணி. கொண்டுவந்தே இருக்கிறாள். ஆணியை அதில் வைத்து ஏந்தி, மாமா பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னாள்.

"வந்தாச்சு."

மாமா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். வழக்கத்தில் இதற்கு என்ன தண்டனை என்று யோசித்திருப்பார். அப்புறம் ஆணியை வாங்கி நுகத்தடியின் நடுவில் இறக்கினார். மூன்று வரியும் மேலே தெரிந்தது. வண்டி நகர்ந்தது.

பத்தரை மணிக்குத் தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்தினார்கள். பிள்ளை ஊரைக் கூட்டியது. அழுதுகொண்டே என் பக்கம் கையை நீட்டியது. நான் வாங்கவில்லை, வாங்கலாமா என்று தெரியவில்லை. செல்லக்கனி பிள்ளையைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டுப் பொங்கல் பானையைப் பார்க்கப் போனாள்.

திரும்பும்போது வேனில் என் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. யாரும் உட்காரவில்லை. அவள் வந்து உட்கார்ந்தாள். கேட்டுவிட்டேன்.

"எப்ப இருந்து தெரியும் ஒனக்கு?"

"அன்னைக்குச் சாயங்காலமே. துணி கீழ கெடந்துச்சு. செவுத்துக்கு மேல எட்டிப் பாத்தேன், மூணு வரி தெரிஞ்சுது. நீங்க ஒவ்வொரு தடவையும் கல்ல வச்சு அடிக்கும்போது அது சாமி தலையில அடிக்க மாதிரி எனக்கு நெஞ்சு கெடந்து அடிக்கும்."

"பெறகு ஏன்ட்டி சொல்லல? ஊரு முன்னால அவ்வளவு கேட்டேனே, அப்பவாவது சொல்லியிருக்கலாம்லா?"

அவள் பிள்ளையின் காதில் மஞ்சளைத் தடவிக்கொண்டே, கோபமே இல்லாமல் கேட்டாள்.

"சொன்னா நீங்க நம்பிருப்பியளாக்கா?"

இந்தக் கேள்விக்கு இவ்வளவு நேரம் யோசித்தும் ஒரே பதில்தான் வருகிறது. நம்பியிருக்க மாட்டேன். அவளே ராவோடு ராவாக வந்து நட்டுவைத்துவிட்டாள் என்று சொல்லியிருப்பேன். கிட்டத்தட்ட அப்படித்தான் பங்குனி பதினைந்தில் எழுதியும் வைத்திருக்கிறேன்.

பங்குனி 20, சனி

காலையில் பால் கறந்துகொண்டிருந்தபோது செல்லக்கனி வந்தாள். சுவருக்கு மேலாக அல்ல, வாசல் வழியாக. ஐந்து மாதத்துக்குப் பிறகு. இடுப்பில் அந்தக் கயிறு.

"கயிறு வித்தவங்க வீட்டுலதான் இருக்கணும்" என்றேன்.

"வித்தாத்தானக்கா" என்று சொல்லிக்கொண்டே செவலையின் கழுத்தில் அவளே கட்டினாள். "அன்னைக்கு நீங்க அரிசிப்பானை மேல வச்ச ரூவாய அத்தான் கையில குடுத்துட்டேன். மொதல்ல வேண்டாம்னு சொன்னாவ. வாங்கிக்கிட்டாவ." கொடுக்கிறவள் கையால் கட்டினால் அது விலையில்லை, கொடை. அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். செவலை அவள் கையை நக்கியது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

காப்பி போட்டுக் கொடுத்தேன். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

செவலையைக் கட்ட இப்போது வீட்டுக்காரர் செய்த புது ஆணிதான் முளை. நன்றாக இறங்கியிருக்கிறது. ஆனால் பாருங்கள், மனுஷன் இதிலும் அசல் மாதிரியே மூன்று வரி வெட்டி வைத்திருக்கிறார். அடுத்த உத்திரத்துக்குள் யாராவது மாற்றிவிட்டால்? எதற்கும் இருக்கட்டும் என்று, தரையில் அடிப்பதற்கு முன்பே அரிவாள்மணையில் வைத்து நான்காவதாகக் கோணலாக ஒரு வரி வெட்டியிருக்கிறேன். செல்லக்கனியைக் கூப்பிட்டுக் காட்டியும் வைத்தேன்.